ஊராட்சித் தலைவர் தேர்தல்: புதிதாக நிற்கும் பெண்கள் சறுக்கும் இடங்கள்

மனுவில் கையெழுத்து விட்டுப்போவதையெல்லாம் பக்கத்தில் இருப்பவரே சொல்லித் தந்துவிடுவார். ஊரில் வேரூன்றிய பழைய தலைவரை எதிர்த்து நிற்கும் பெண்கள் தேர்தலுக்குத் தேர்தல் வழுக்கி விழுவது வேறு இடங்களில்.

சின்னத்தைக் கடைசிக்கு விடுவது

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஐந்து வருஷம் ஆண்டவரும் உங்களைப் போலவே புதுச் சின்னத்தோடு தெருவில் இறங்க வேண்டும். அவருடைய பலம் செல்லாத ஒரே இடம் இது. அதையும் கோட்டை விடுகிறார்களே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

2019இல் சின்னம் ஒதுக்கியது டிசம்பர் 19. முதல் கட்ட வாக்குப்பதிவு 27. பிரசாரம் 25 மாலையே ஓய்ந்தது. கையில் இருந்தது ஆறே நாள். அதில் இரண்டு நாளை நோட்டீஸ் அடிக்கவே செலவழித்தால் மிச்சம் என்ன? அந்த நோட்டீஸிலும் முகம் பெரிதாக, சின்னம் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு.

வாக்காளர் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னங்கள் இருக்கும். "ஒனக்குத்தான் தாயி என் ஓட்டு" என்று கன்னம் வழித்துத் திருஷ்டி கழிக்கும் பாட்டி, ரோஸ் சீட்டிலும் இரட்டை இலையையோ உதயசூரியனையோ தேடுவார். காணாமல், கண்ணில் பட்டதில் குத்திவிட்டு வருவார். உங்கள்மேல் பிரியம் இருந்தும் ஓட்டு போய்விட்டது.

ஆகவே வாசலை விட்டு இறங்குமுன் இரண்டே கேள்வி: "எந்தக் கலர் சீட்டு? என்ன சின்னம்?" நீங்கள் சொன்னால் போதாது, அவர்கள் வாயால் வர வேண்டும். தடுமாறிய வீட்டை வாக்காளர் பட்டியலில் குறித்து வைத்து, பிரசாரம் ஓயுமுன் இன்னொரு முறை போங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பகலில் வீட்டில் இருக்க மாட்டார்கள். மாலை ஆறு முதல் எட்டு வரை பாருங்கள்.

"பெண்ணுக்குப் போடுங்கள்" என்று மட்டும் கேட்பது

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் எதிரே நிற்பவரும் பெண்தான்; பல ஊர்களில் பழைய தலைவரின் மனைவி, இல்லையென்றால் அம்மா. கிராம சபையில் வாசித்த வரவு செலவிலிருந்து ஒன்றை எடுத்துப் பேசுங்கள்: எந்தத் தெரு, எந்தக் கைப்பம்பு, எத்தனை மாதமாகத் தண்ணீர் வரவில்லை.

நோட்டீஸில் கணவர் படம்

வேண்டாம்.

வரி பாக்கி

வீட்டு வரி, குடிநீர்க் கட்டண ரசீதுகளை மனு தொடங்குமுன்பே வாங்கி வையுங்கள். பரிசீலனை மேசையில் முதலில் தோண்டுவது இதைத்தான்.

செலவுக் கணக்கு

2019இல் தலைவருக்கு உச்சவரம்பு 34,000 ரூபாய். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும், தோற்றவரும்தான்.

எண்ணும் மேசையை விட்டு எழுவது

நான்கு நிறச் சீட்டுகளையும் பிரித்துக் கட்டி எண்ணுவதால் விடிய விடிய நடக்கும். 2020 ஜனவரி 2இல் தொடங்கியது மறுநாளும் நீண்டது. இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் விழுந்த முத்திரை பற்றிய தகராறெல்லாம் நள்ளிரவுக்குமேல்தான் வரும். தூங்காத முகவரை உட்கார வையுங்கள். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் முடிவை அறிவிக்குமுன் எழுதிக் கொடுங்கள்.