வாட்டர் கலரோடு ஒரு விடுமுறை நாள்: படம் எங்கே கெடுகிறது?

பொழுதுபோக்காக வரைகிறவர்களுக்கு ஒரு முழு நாள் கையில் கிடைப்பதே அபூர்வம். அப்படிக் கிடைத்தும் சாயங்காலம் ஒரு படமும் தேறவில்லை என்றால் உடனே 'எனக்குக் கை வரவில்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கையில் குறை இருக்காது. பெயின்ட் காய்வதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கியிருப்போம், அவ்வளவுதான்.

வானத்துக்கு ஒரு நீல வாஷ் (தண்ணீர் தாராளமாகக் கலந்து பரப்பும் நிறப்பூச்சு) அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். முதலில் தாள் ஈரத்தில் பளபளக்கும். அப்போது இன்னொரு நிறத்தைத் தொட்டு வைத்தால் தானாகப் பரவும். மேகத்துக்கு அதுதான் வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு அடித்தால் விளிம்பு தெளிவாக நிற்கும். அதுவும் சரி. வம்பெல்லாம் நடுவில்தான். பளபளப்பு போயிருக்கும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அந்த நேரம் பார்த்து, 'இங்கே மட்டும் லேசாகச் சரிசெய்துவிடலாம்' என்று தண்ணீர் சொட்டும் பிரஷ்ஷை வைத்தால், புதுத் தண்ணீர் அங்கே இருக்கும் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் ஒதுக்கிவிடும். காலிஃப்ளவர் மாதிரி ஒரு கறை விழும். அதைத் துடைக்கப் போனால் பக்கத்தில் இன்னொன்று. விரலின் பின்பக்கத்தால் தாளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

காயும் நேரத்தில் மொபைலை எடுப்பது அடுத்த தவறு. (எடுத்தால் எப்போது வைப்போம் என்று எல்லோருக்கும் தெரியும்.) பக்கத்திலேயே ஒரு ஸ்கெட்ச் நோட்டும் 2பி பென்சிலும் இருக்கட்டும். வாஷ் காய்வதற்குள் மேஜையில் கிடக்கும் மூக்குக் கண்ணாடியை வரைந்துவிடலாம். பெயின்டிங், டிராயிங் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதில் இருக்கும் லாபமே இதுதான்.

சாதாரண டிராயிங் நோட்டில் வாட்டர் கலர் அடித்தால் தாள் மேடும் பள்ளமுமாக நெளியும், பள்ளத்தில் நிறம் தேங்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாளை வாங்கி, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பலகையில் வையுங்கள். விலை கூடுதல்தான். 22க்கு 30 அங்குல முழுத் தாளை எட்டாக வெட்டினால் ஒரு துண்டு 11க்கு 7.5 அங்குலம் வரும். பழகுவதற்கு அது தாராளம். அந்தத் தாளிலேயே வரைந்து வரைந்து அழிக்காதீர்கள். ரப்பர் பட்டுத் தாளின் மேற்பரப்பு கிளம்பிவிட்டால் அந்த இடம் நிறத்தை அதிகமாகக் குடித்துத் திட்டுத் திட்டாகத் தெரியும். பென்சில் சண்டையெல்லாம் ரஃப் தாளில் முடியட்டும்.

ஜன்னலோரம் ஒரு பித்தளைச் செம்பை வைத்து வரைகிறீர்களா? பித்தளை என்றாலே மஞ்சள் என்று மனசு சொல்லும், கையும் செம்பு முழுக்க மஞ்சளை அப்பும். உற்றுப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய கறுப்பாக ஒரு பட்டை ஓடும், வயிற்றில் ஜன்னல் வளைந்து வெள்ளையாகத் தெரியும், அடியில் மேஜைவிரிப்பின் நிறம் ஏறியிருக்கும். மஞ்சள் என்று சொல்லத்தக்க இடம் கொஞ்சம்தான். அந்த வெள்ளை, தாளின் வெள்ளையேதான். அதை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். மறந்துவிட்டுப் பிறகு வெள்ளை பெயின்ட் வைத்தால் சுண்ணாம்பு பூசியது போல் அசடு வழியும். கறுப்புப் பட்டைக்கும் ட்யூப் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்தால் உயிருள்ள கருமை கிடைக்கும்.

வெயில் நகர நகரச் செம்பின் நிழலும் நகரும். பலர் நிழலைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, பத்து மணி வெளிச்சத்துச் செம்புக்கு மதியத்து நிழலைப் போடுகிறார்கள். உட்கார்ந்ததும் நிழலின் எல்லையை லேசாகக் கோடிட்டுவிடுங்கள்.

வாட்டர் கலர் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த நிறம் பிறகு சோகை பிடித்தது போல் இருப்பது அதனால்தான். ஓரத்துண்டுத் தாளில் அடித்து, காய்ந்த பிறகு பாருங்கள். இருட்டிய பிறகு மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் நிறம் கலக்க வேண்டாம். நீலம் மங்கும், இளமஞ்சளும் வெள்ளைத் தாளும் ஒன்றாகத் தெரியும். ராத்திரிக்குப் பென்சில் ஷேடிங் போதும்.

எழுந்து போகும்போது பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்திவைக்காதீர்கள். நுனி வளையும், மரப்பிடி ஊறி, உலோகக் கழுத்து ஆட்டம் கொடுக்கும். கழுவி, நுனியை விரலால் கூராக்கி, படுக்கவைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். பேலட்டில் (நிறம் கலக்கும் தட்டில்) மிஞ்சிய வாட்டர் கலரைக் கழுவிக் கொட்ட வேண்டியதில்லை, மறுநாள் தண்ணீர் தொட்டால் கரையும். அக்ரிலிக் அப்படி இல்லை, காய்ந்தால் காய்ந்ததுதான். மழைக்காலத்தில் மட்டும் பேலட்டை ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.