ஹீற்றர் சூடாகவில்லையா? முதலில் ஏர்த் போல்ட்டைப் பாருங்கள்

பஞ்சிகாவத்தையில் முப்பது வருடமாக வாகன மின்வேலை செய்கிறேன். தண்ணீர் உறைந்துவிட்டது என்று முறையிட்டு ஒருவர்கூட என் கராஜுக்கு வந்ததில்லை. கொழும்பில் தண்ணீர் உறைவதென்றால் அது ஐஸ் பெட்டிக்குள்தான். ஆனாலும் மூன்று பனிக்காலமாக ஒரு மோட்டார்ஹோமின் தண்ணீர்ப் பெட்டி ஹீற்றருக்கு நான்தான் வைத்தியர். வாகனம் நிற்பது ரொறன்ரோவுக்கு வெளியே, அக்காவின் மகன் வீட்டு முற்றத்தில். அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே காலை எட்டு மணி, நான் கதவு திறக்கும் நேரம். போனை ஒரு கையிலும் டோர்ச்சை மறு கையிலும் பிடித்தபடி, "மாமா, இதைப் பாருங்கள்" என்பான். நான் தேநீர்க் கோப்பையோடு பார்ப்பேன்.

மோட்டார்ஹோம் என்பது அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாவற்றோடும் ஓடுகிற வீடு. அதன் பக்கவாட்டில் ஒரு சிறு கதவைத் திறந்தால் பம்ப், வடிகட்டி, குழாய் இணைப்புகள், கழிவுநீர் வால்வுகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். தண்ணீர்ப் பெட்டி என்று நான் சொல்வது அந்த அறையைத்தான். அது உறையாமல் காக்க உள்ளே ஒரு சின்ன ஹீற்றர் இருக்கும். பல வண்டிகளில் அது 12 வோல்ட்டில் ஓடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. பிளாஸ்டிக் இணைப்புகள் அதைத் தாங்காது. வெடிப்பும் அன்றே தெரியாது, பனி உருகிய பிறகுதான் ஒழுகும்.

பழுது பார்க்க வருகிற பலர் தடுக்கி விழும் முதல் இடம் தெர்மோஸ்டாட். கோடைகாலத்தில் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, சூடு வரவில்லையே என்று ஹீற்றரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அது பழுதல்ல. தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 3, 4 பாகைக்கு இறங்கினால்தான் மின்சாரத்தை விடும். 10 பாகையை நெருங்கியதும் நிறுத்திவிடும். கம்பனிக்குக் கம்பனி இந்த எண்கள் சற்று மாறும், உடலிலேயே அச்சிட்டிருக்கும், வாசித்துக்கொள்ளுங்கள். வெயில் நாளில் சோதிக்க வேண்டுமானால் ஐஸ் போதும். நான் என் மேசையில் செய்து காட்டியே மருமகனுக்குப் புரியவைத்தேன். பக்கத்துக் கடையில் குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் வட்டத் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கினேன். அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளைக்குள் இறக்கினேன். இணைப்பு இருந்தால் கூவும்படி வைத்த மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் அதன் கால்களில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நான் வாங்கியது பூச்சியத்துக்கும் கீழே மூடுகிற, அதாவது உள்ளே இணைப்பு மூடி மின்சாரத்தை விடுகிற, சாதி, அதனால் ஐஸோடு ஒரு பிடி உப்பும் போட வேண்டியிருந்தது. உப்பு போட்டதும் 'டிக்' என்று சத்தம், மீற்றர் கூவியது. தண்ணீர்ப் பெட்டிக்கு உரியது உப்பில்லாமலே வெறும் ஐஸில் மூடிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் ஐஸில் கிடந்தும் மூடாவிட்டால் அதை மாற்றலாம். மாற்றும்போது உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள். குளிரில் மூடுவதும் சூட்டில் மூடுவதும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

பியூஸ், சுவிட்ச் பற்றி நீட்டத் தேவையில்லை. பியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாமல் மீற்றரால் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அளவுதான் போட வேண்டும். ஹீற்றர் உடலில் ஒட்டியிருக்கும், அளவுமீறிச் சூடானால் மின்சாரத்தை அறுக்கும் வெப்ப பியூஸ் போயிருந்தால் கம்பி வைத்து இணைத்துவிடாதீர்கள். இங்கே அதைச் செய்து காட்டச் சொன்ன ஒருவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனித்தான் விஷயம். போன தை மாதம் ஓர் இரவு, வெளியே சுழியத்துக்குக் கீழே 8 பாகை. மருமகனின் ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. விசிறிச் சத்தம் எனக்கே போனில் கேட்டது. ஆனால் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி 1 பாகை காட்டியது. அங்கே ஒரு கராஜில் ஹீற்றரையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். "கழற்றிப் பார்த்தார்களா?" என்றேன். இல்லை. ஹீற்றரின் இணைப்பைக் கழற்றி, வயர் முனையில் மட்டும் மீற்றரை வைத்தார்களாம், 12.4 வோல்ட் வந்ததாம். ஆகவே வயர் நல்லதாம்.

சுமை இல்லாத வயரில் வோல்ட் பார்ப்பது, மூட்டை ஏற்றாமல் வண்டியை ஓட்டிப் பார்ப்பது மாதிரி. ஒரே ஒரு இழை மீதமிருந்தாலும் மீற்றருக்கு 12 வோல்ட் காட்டிவிடும். மீற்றர் இழுக்கிற மின்சாரம் அவ்வளவு அற்பம். ஆகவே ஹீற்றரை இணைத்து, ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். அவன் அளந்தான்: ஹீற்றரின் இரண்டு முனைகளுக்கு இடையில் 9.3 வோல்ட். அதேநேரம் பற்றரியில் 12.4. இடையில் 3.1 வோல்ட் எங்கோ களவு போகிறது. சூடு வோல்ட்டின் வர்க்கத்தோடு போவதால், கம்பிச் சுருள் ஹீற்றர் ஒன்றுக்கு இது கால்வாசி இழப்பு அல்ல. கிடைக்க வேண்டியதில் 56 சதவீதம்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. விசிறி சுழன்றால் ஹீற்றர் நலம் என்று நினைத்ததுதான் அவனை ஏமாற்றியது.

களவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒரே மீற்றர் போதும். ஹீற்றர் ஓடும்போதே ஒரு முனையைப் பற்றரியின் மறைத் தலையிலும், மற்றதை ஹீற்றரின் மறை வயரிலும் வையுங்கள். நல்ல வயரில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது என்பது என் கணக்கு. அவனுக்கு 2.4 வந்தது. நேர்ப் பக்கத்தில் 0.7. ஆக, பெரிய குற்றவாளி ஏர்த், அதாவது வண்டியின் சட்டம் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் மறைப் பக்க இணைப்பு.

ஏர்த்தைச் சந்தேகிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது கொழும்புதான். கனடாவில் பனி உருக வீதியில் உப்புப் போடுகிறார்கள். சக்கரம் அதை வாரி வண்டியின் அடியில் பூசுகிறது. எங்களுக்குக் கடற்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வெள்ளவத்தையில் கடலோரம் நிறுத்தும் வாகனங்களில் நான் முதலில் கை வைப்பது ஏர்த் போல்ட்டில்தான். படத்தைக் கேட்டதும் அனுப்பினான்: பெட்டிக்குப் பின்னே சட்டத்தில் ஒரு போல்ட், அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொருக்கு.

செய்முறை இதுதான். பற்றரியின் மறை வயரை முதலில் கழற்றுங்கள். போல்ட்டைக் கழற்றி, வயர் வளையத்தையும் சட்டத்தையும் உலோகம் மினுங்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். வளையத்துக்குள் வயர் பச்சையாகியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிய வளையம் அமுக்குங்கள். பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள், முதலில் பூசக்கூடாது. பிறகு பற்றரி வயரை மறுபடி மாட்டி, ஹீற்றரின் இடத்தில் ஒரு பழைய 55 வாட் முன்விளக்குப் பல்பைக் கொடுத்துப் பாருங்கள். முழு வெளிச்சம் வந்தால் வயர் வேலை செய்யத் தயார். மங்கினால் இன்னும் எங்கோ அரிப்பு இருக்கிறது. மருமகன் இவற்றையெல்லாம் முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது, அதில் பாதி நேரம் விரல் விறைத்து ஊதிக்கொண்டிருந்தான். கடைசியில் ஹீற்றரில் 11.4 வோல்ட்.

வோல்ட் சரியாக இருந்தும் குளிர்ந்தால், பெட்டியின் தரையில் குழாய் நுழையும் ஓட்டையைப் பாருங்கள். அதன் ரப்பர் அடைப்பு தொலைந்திருந்தால் ஓடும்போது காற்று நேரே உள்ளே வந்து சூட்டைச் சுரண்டிக்கொண்டு போகும். தெர்மோஸ்டாட் ஹீற்றருக்கு அருகே ஒட்டியிருந்தாலும் தொல்லை. தன் இடம் சூடானதும் அது நிறுத்திவிடும், எதிர் மூலையிலுள்ள வால்வு உறைந்துகொண்டிருக்கும். குளிர்ந்த மூலைக்கு அதை மாற்றுங்கள். 120 வோல்ட் ஹீற்றர் வகையென்றால், வெளி மின்கேபிளைக் கழற்றாமல் கை வைக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே உறைந்துவிட்டதா? பம்பை நிறுத்தி, குழாய் வாயைத் திறந்து வையுங்கள், உருகும் நீருக்கு வழி வேண்டும். வாயிலிருந்து பின்னோக்கி முடி உலர்த்தியால் மெதுவாகச் சூடாக்குங்கள். நெருப்பு வேண்டாம், பக்கத்திலேயே எரிவாயுக் குழாய் ஓடலாம். அன்று இரவுக்குள் ஹீற்றர் சீராகாவிட்டால் தண்ணீரை முழுதாக வடித்துவிடுவதே மலிவு. வடித்த பிறகு குழாய்க்குள் ஊற்றுவது மோட்டார்ஹோமுக்கென்று விற்கும் புரொப்பிலீன் கிளைக்கோல் கரைசலாக மட்டும் இருக்கட்டும். காரின் ரேடியேற்றரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, குடிநீர்க் குழாய்க்குள் ஒரு துளியும் போகக்கூடாது. வடிகட்டியையும் கழற்றி வையுங்கள், அதற்குள் தேங்கும் தண்ணீரை மருமகன் முதல் வருடம் மறந்து, கண்ணாடிக் கிண்ணம் மாதிரி அது இரண்டாகப் பிளந்து கிடந்தது.