இலையுதிர்காலத்தில் சாட்டனூகா: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

அக்டோபர் பிறந்தால் அட்லாண்டா, நாஷ்வில் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி எழும்: "இலை நிறம் மாறுவதைப் பார்க்க எங்கே போகலாம்?" பலர் ஸ்மோக்கி மலைக்குப் போய், பாதி நாளைச் சாலை நெரிசலில் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். என்னைக் கேட்டால் சாட்டனூகாவைத்தான் சொல்வேன். டென்னசி மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி, டென்னசி ஆறு வளைந்து நெளிந்து ஓடும் ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,81,000. ரொம்பப் பெரிய ஊர் இல்லை, ஆனால் இரண்டு இரவு தங்கிப் பார்க்கும் அளவுக்கு விஷயம் இருக்கிறது.

படி 1: முதலில் தேதி

ஹோட்டலைத் தேடும் முன் தேதியை முடிவு செய்யுங்கள். பாதி வேலை அதுதான். ஸ்மோக்கி மலை உச்சிகளில் அக்டோபர் நடுவிலேயே நிறம் ஏறிவிடும். சாட்டனூகா தாழ்வான பகுதி என்பதால் இங்கே வழக்கமாக அக்டோபர் கடைசி வாரமும் நவம்பர் முதல் வாரமும்தான் உச்சம். பகல் குறையக் குறைய இலையில் பச்சையம் குறையும், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் தெரியவரும். ஹிக்கரி, டியூலிப் பாப்லர் மரங்கள் அப்படித்தான் மஞ்சளாகின்றன. சிவப்பு அப்படியல்ல, மேப்பிள், சவர்வுட் போன்ற மரங்களின் இலைகள் அந்த நேரத்தில்தான் சிவப்பு நிறமியைப் புதிதாக உண்டாக்குகின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் தொடர்ந்து இருந்தால் சிவப்பு தூக்கலாக இருக்கும். பலத்த காற்றுடன் ஒரு மழை பெய்தால் பாதி இலை தரைக்கு வந்துவிடும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி இரண்டு விஷயங்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் வார இறுதியில் 'ஹெட் ஆஃப் த ஹூச்' என்ற பெரிய துடுப்புப் படகுப் போட்டி ஆற்றங்கரையில் நடக்கும். நாடு முழுவதிலிருந்தும் கல்லூரி, பள்ளி அணிகள் வரும், டவுன்டவுன் ஹோட்டல்கள் நிரம்பிவிடும். படகுப் போட்டியைப் பார்ப்பதே நோக்கம் என்றால் தாராளமாகப் போகலாம், மற்றவர்கள் தவிர்ப்பது நல்லது. அடுத்தது வெளிச்சம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அதற்கு முன்வரை மாலை ஏழு மணியை ஒட்டிச் சூரியன் மறையும். பிறகு ஐந்தே முக்காலுக்கே மறைந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அக்டோபர் கடைசி வாரத்தின் வியாழன், வெள்ளி, சனிதான் என் தேர்வு.

படி 2: தங்குமிடம்

முடிந்தால் டவுன்டவுனில், ஆற்றுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். விலை கூடுதல்தான், பார்க்கிங்குக்குத் தனியாகக் கேட்பார்கள். ஆனால் வண்டியை ஒருமுறை நிறுத்திவிட்டால் முதல் நாள் முழுக்க அதைத் தொட வேண்டியதில்லை. அக்வேரியத்திலிருந்து பழைய ரயில் நிலையம் வரை மின்சார ஷட்டில் பேருந்து கட்டணமில்லாமல் ஓடுகிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஐ-75 நெடுஞ்சாலை ஓரமாக, ஹாமில்டன் பிளேஸ் மால் பக்கம் பாருங்கள். இணையத்தில் காட்டும் அறை வாடகையோடு வரிகள் சேரும். விற்பனை வரி மட்டுமே 9.25 சதவீதம், தங்கும் வரி தனி.

படி 3: போய்ச் சேர்வது

அட்லாண்டாவிலிருந்து ஐ-75 வழியாக வடக்கே இரண்டு மணி நேரம். வெள்ளி மாலை அட்லாண்டாவை விட்டு வெளியேறுவதற்கே ஒரு மணி நேரம் கூடுதலாகலாம், ஆகவே மதியத்துக்கு முன் கிளம்புங்கள். நாஷ்விலிலிருந்து ஐ-24இல் சுமார் இரண்டேகால் மணி நேரம். வழியில் மான்ட்ஈகிள் மலைச் சரிவில் லாரிகள் ஊர்ந்துதான் போகும். பயணிகள் ரயில் கிடையாது. விமான நிலையம் உண்டு, சிறியது.

நாஷ்வில்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாஷ்வில் மத்திய நேரம், சாட்டனூகா கிழக்கு நேரம். போகும்போது ஒரு மணி நேரம் கைவிட்டுப் போகும். டிக்கெட்டில் 11 மணி என்றிருந்தால் உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் அது 10. நேர எல்லை ஊருக்குக் கொஞ்சம் மேற்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் மலைகளில் சுற்றும்போது கைப்பேசி நேரம் மாறி மாறிக் காட்டும், அதை நம்பி ஓடாதீர்கள்.

படி 4: முன்பதிவு

ரூபி ஃபால்ஸ் என்ற குகை அருவிக்கு நேரம் குறித்த டிக்கெட். அக்டோபர் சனிக்கிழமைக்கு முன்கூட்டியே இணையத்தில் எடுக்காவிட்டால் நல்ல நேரம் கிடைக்காது. டென்னசி வேலி ரயில்ரோடு மியூசியம் இலையுதிர்காலத்தில் ஜார்ஜியாவின் சம்மர்வில் வரை சிறப்பு ரயில் விடும். வேண்டுமென்றால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் பதிவு செய்யுங்கள், ஒரு நாள் முழுக்க அதற்கே போகும். 'சதர்ன் பெல்' படகு ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் போகும் நீண்ட சவாரிகளை இந்தப் பருவத்தில் நடத்துகிறது. ரயில், படகு இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் படகில் ஏறுவேன். இருபுறமும் நிறம் மாறிய மலைச்சரிவுகளை ஆற்று நடுவிலிருந்து பார்க்க வேறு வழியில்லை.

படி 5: முதல் நாள் ஆற்றங்கரை

ராஸ்ஸஸ் லேண்டிங்கில் தொடங்குங்கள். செரோக்கி பழங்குடி மக்களின் தலைவர் ஜான் ராஸ் படகுத்துறையும் கடையும் வைத்திருந்த இடம் இது, ஊருக்கும் முதலில் இந்தப் பெயர்தான். 1838இல் செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து மேற்கே துரத்தியபோது பல கூட்டங்களை இங்கிருந்துதான் படகில் ஏற்றினார்கள். அக்வேரியத்துக்கு அருகே படிக்கட்டில் நீர் வழிந்தோட, சுவரில் பெரிய சுடுமண் முத்திரைகள் பதித்த 'த பாசேஜ்' அந்த நினைவாக அமைக்கப்பட்டது. கோடையில் குழந்தைகள் அதில் தண்ணீரில் விளையாடுவார்கள். எதன் நினைவாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

அக்வேரியம் 1992இல் திறந்தது. அப்பலாச்சிய மலைக் காட்டில் தொடங்கி ஆற்றோடு இறங்கிக் கடல் வரை போகும் வரிசையில் நன்னீர்க் கட்டடத்தை அமைத்திருக்கிறார்கள். மேல்தளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1969இல் நாட்டிலேயே மோசமான காற்று உள்ள நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. ஆலைப் புகை அவ்வளவு. மக்கள் மறுபடி ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்ததில் இந்தக் கட்டடத்துக்குப் பெரிய பங்குண்டு.

அங்கிருந்து நடந்தால் வால்நட் ஸ்ட்ரீட் பாலம். 1891இல் திறந்தது, 1978இல் வண்டிகளுக்கு மூடப்பட்டது, 1993இல் நடப்பவர்களுக்கு மட்டும் மறுபடி திறந்தார்கள். நீளம் 2,376 அடி. பழைய பாலம் என்பதால் பராமரிப்புப் பணிக்காக மூடியிருக்கலாம், போகும் முன் நகராட்சித் தளத்தில் பாருங்கள். மூடியிருந்தால் பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட் பாலத்தின் நடைபாதையில் வடகரைக்குப் போகலாம்.

பாலத்தின் தென்முனையில் எட் ஜான்சன் நினைவிடம் இருக்கிறது. செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட கறுப்பின இளைஞர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரது தூக்கை நிறுத்திவைத்த பிறகும், 1906 மார்ச் 19 இரவு ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து இந்தப் பாலத்திலேயே கொன்றது. அதற்காக உள்ளூர் ஷெரிஃப் உள்ளிட்டோரை உச்ச நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது. அந்த நீதிமன்றம் நேரடியாக நடத்திய ஒரே குற்ற விசாரணை அதுதான். 2000இல் ஜான்சனின் தண்டனை ரத்தானது, நினைவிடம் 2021இல் வந்தது. சுற்றுலாக் கையேடுகள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. நீங்கள் பத்து நிமிடம் நில்லுங்கள்.

படி 6: இரண்டாம் நாள் லுக்அவுட் மலை

மலையில் ராக் சிட்டி, ரூபி ஃபால்ஸ், மலைச்சரிவில் ஏறும் இன்க்ளைன் ரயில் மூன்றும் சேர்ந்த டிக்கெட்டை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். மூன்றையும் ஒரே நாளில் திணித்தால் மாலையில் எல்லோருக்கும் கால் வலிதான் மிஞ்சும். இரண்டு போதும்.

இலைக்காக வருகிறவர்கள் ரூபி ஃபால்ஸை விட்டுவிடலாம். 145 அடி அருவி நிலத்தடிக் குகைக்குள் இருக்கிறது, அருமையான இடம்தான், ஆனால் அங்கே இலையும் இல்லை, வெயிலும் இல்லை. மழை பெய்தால் மட்டும் அதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

ராக் சிட்டி ஜார்ஜியா பக்கம் இருக்கிறது. 1932இல் திறந்த பாறைத் தோட்டம். இடுங்கிய பாறை இடுக்குகளும் ஆடும் தொங்குபாலமும் உண்டு; முட்டி வலி உள்ள பெரியவர்களோடு போனால் அங்குள்ள ஊழியரிடம் எளிதான வழியைக் கேளுங்கள். உச்சியில் ஏழு மாநிலங்கள் தெரியும் என்று பலகை சொல்கிறது. அதை நான் விளம்பரமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். காலை திறந்தவுடன் போனால் கூட்டம் குறைவு.

அப்புறம் இன்க்ளைன். 1895 முதல் ஓடுகிறது. உச்சிக்கு அருகே சரிவு 72.7 சதவீதம். மேல் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பாயின்ட் பார்க். 1863 நவம்பரில் உள்நாட்டுப் போரின் லுக்அவுட் மலைச் சண்டை நடந்தது இந்த மலையில்தான். பூங்கா விளிம்பில் நின்றால் ஆறு மொக்கசின் பெண்ட் என்ற பெரிய வளைவில் திரும்புவது முழுதாகத் தெரியும். படத்துக்கு மாலை வெளிச்சம்தான் சரி.

காட்டுப் பாதையில் நடக்க விரும்புகிறவர்கள் பிரென்டிஸ் கூப்பர் வனத்தில் உள்ள ஸ்னூப்பர்ஸ் ராக்குக்குப் போகலாம், ஆற்றுப் பள்ளத்தாக்கு மேலிருந்து தெரியும். ஆனால் இலையுதிர்காலத்தில் வேட்டைக்காக ஒதுக்கிய நாட்களில் அந்த வனத்துக்குள் மற்றவர்களை விடமாட்டார்கள். தேதிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 7: துணியும் சாப்பாடும்

அக்டோபர் கடைசியில் மதியம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், காலையில் பத்துக்குக் கீழே போகும். மலை மேல் காற்றும் சேரும். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும்படி துணி எடுங்கள், அடி வழுக்காத காலணி அவசியம். ஈரமான இலை மேல் கால் வைத்தால் வழுக்கும்.

சைவர்கள் தென்மாநில உணவகங்களில் கீரையையும் பீன்ஸையும் பார்த்ததும் ஆர்டர் செய்துவிடாதீர்கள். பல இடங்களில் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள், கேட்டுவிடுங்கள். மூன்பை இந்த ஊர்ப் பேக்கரியில் 1917இல் பிறந்த தின்பண்டம். அதன் உள்ளே இருக்கும் மார்ஷ்மல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும் என்பதால் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். அட்லாண்டாவுக்குத் திரும்புகிறவர்கள் கடைசி நாள் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பிவிட்டால் ஐ-75இன் மாலை நெரிசலில் மாட்டாமல் வீடு சேரலாம்.