காரின் ஸ்டார் ரேட்டிங்கை எப்படிப் படிப்பது?

ஷோரூமில் 'ஃபைவ் ஸ்டார் சார்' என்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த வருஷம், யார் நடத்திய சோதனை? கார்களை மோதவிட்டு ஸ்டார் தரும் சர்வதேச அமைப்பான குளோபல் என்கேப் 2014 முதல் இந்தியக் கார்களை மோதிப் பார்த்தது. 2022 ஜூலைக்கு முன் பெரியவர் பாதுகாப்புக்கான 17 மதிப்பெண்ணில் 16 முன்பக்க மோதலை வைத்தே போடப்பட்டது, மீதி ஒன்று சீட் பெல்ட் நினைவூட்டலுக்கு. அதன்பின் பக்கவாட்டு மோதலும் கணக்கில் சேர்ந்து மொத்தம் 34 ஆனது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் இந்திய அரசின் சோதனையான பாரத் என்கேப்பில் பெரியவருக்கு 32, குழந்தைக்கு 49. ஐந்து ஸ்டாருக்கு முறையே 27, 41 வேண்டும். ஆகவே 2019-ல் வாங்கிய ஐந்தும் 2024-ல் வாங்கிய ஐந்தும் ஒரே ஐந்து அல்ல. ஐரோப்பாவில் 2005-ல் ஐந்து ஸ்டார் வாங்கிய ஃபியட் புன்டோ, 2017-ல் மறுபடி சோதித்தபோது பூஜ்யம் வாங்கியது. கார் கெட்டுப்போகவில்லை, அளவுகோல்தான் உயர்ந்துவிட்டது.

அடுத்து, மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள். பாரத் என்கேப்பின் 32-ல் முன்பக்கத்துக்கு 16, பக்கவாட்டுக்கு 16. முன்பக்கச் சோதனையில் கார் 64 கி.மீ. வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கும் அலுமினியத் தடுப்பில் மோதுகிறது. பக்கவாட்டில் 50 கி.மீ. வேகத்தில் ஒரு டிராலி வந்து இடிக்கிறது. கம்பத்தில் மோதும் சோதனை 29 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. அதற்குத் தனி மதிப்பெண் இல்லை, தேறினால் போதும்.

அறிக்கையில், சோதனைக் காருக்குள் ஆளுக்குப் பதில் உட்கார வைத்த பொம்மையின் படம் இருக்கும். தலை, மார்பு, தொடை, கால் எனப் பகுதி பகுதியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, சிவப்பு பூசியிருப்பார்கள்; பச்சை நல்லது, சிவப்பு மோசம். கூட்டுத்தொகையைவிட இந்தப் படம் பேசும். ஓட்டுநரின் மார்பு மஞ்சளா பழுப்பா என்பதுதான் உண்மையான தகவல். குளோபல் என்கேப் அறிக்கை என்றால் காரின் கூடு 'ஸ்டேபிள்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023-ல் ஹூண்டாய் வெர்னா ஐந்து ஸ்டார் வாங்கியது, ஆனால் அதே அறிக்கையில் கூடு 'அன்ஸ்டேபிள்'. இன்னும் கொஞ்சம் வேகம் கூடினால் அது தாங்காது என்று பொருள்.

வேகம் கூடினால் என்ன ஆகும்? மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 64-ஐ 1 என்று வைத்தால் 80 கி.மீ.க்கு 1.56, நூறுக்கு 2.44. நான்குவழிச் சாலையில் நூறில் போகிற காருக்கு 64-ல் வாங்கிய ஸ்டார் அரைகுறைச் சாட்சிதான்.

எடை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சோதனைத் தடுப்பு அசையாதது. அதனால் முன்பக்க மதிப்பெண், ஏறக்குறைய தன் எடையுள்ள இன்னொரு காரோடு நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்றுதான் சொல்கிறது. 900 கிலோ ஹேட்ச்பேக்கும் 1,800 கிலோ எஸ்யூவியும் தலா 60-ல் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டன என்று வையுங்கள். இரண்டும் எஸ்யூவி போன திசையிலேயே 20 கி.மீ. வேகத்தில் நகரும். எஸ்யூவிக்கு வேக மாற்றம் 40. ஹேட்ச்பேக்குக்கு 80. இரண்டுக்கும் ஐந்து ஸ்டார் இருந்தாலும் அடி வேறு வேறு. ஆகவே ஸ்டாரை ஒரே எடைக் கார்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

எந்த ஸ்டாரும் பதில் சொல்லாத விபத்து ஒன்று உண்டு: ராத்திரியில் ஓரமாக, விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் போய்ச் செருகுவது. பம்பரும் அதன் பின்னுள்ள நசுங்கும் பகுதியும் லாரியின் அடியில் நுழைந்துவிடும். லாரி பாடியின் விளிம்பு நேராகக் காரின் முன்கண்ணாடிக்கு வரும். ஆற்றலை உறிஞ்ச வைத்த பாகம் எதுவும் வேலையே செய்யாது. அமெரிக்காவில் கார்களை மோதிச் சோதிக்கும் ஐஐஎச்எஸ் அமைப்பு 2012-ல் தொடங்கிய, முகப்பின் 25 சதவீதம் மட்டும் படும் மோதலும் பாரத் என்கேப்பில் இல்லை.

அதற்காக ஸ்டார் வீண் என்று தூக்கிப் போட வேண்டாம். சுவீடன் விபத்துகளை யூரோ என்கேப் மதிப்பெண்ணோடு ஒப்பிட்ட 2010 ஆய்வு, இரண்டு ஸ்டார் காரைவிட ஐந்து ஸ்டார் காரில் உயிரிழக்கும் ஆபத்து 68 சதவீதம் குறைவு என்றது. திசை சரி, அளவில்தான் வித்தியாசம்.

சோதனையில் பொம்மை பெல்ட் போட்டு, சரியாக உட்கார்ந்திருக்கும். நீங்களும் அப்படி உட்கார்ந்தால்தான் ஸ்டார் உங்களுக்குப் பொருந்தும். மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி விடுங்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். பயணி பக்க டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார் ஏர்பேக் மூடியின் மேல் இருந்தால், விரியும்போது அவரே எறிகல் ஆகிவிடுவார். இடம் மாற்றுங்கள். சீட்டில் பக்க ஏர்பேக் இருந்தால் முழுக்க மூடித் தைத்த சீட் கவர் வேண்டாம். பின்சீட்டில் பெரியவர் பொம்மை முன்பக்கச் சோதனையில் கிடையாது, குழந்தை பொம்மைகள் மட்டும்தான். அங்கே உட்காரும் அப்பாவுக்கோ அத்தைக்கோ ஸ்டார் எந்த வாக்கும் தரவில்லை, பெல்ட் கட்டாயம்.

ஸ்டார் எந்த வேரியண்ட்டுக்கு என்றும் பாருங்கள். 2014-ல் ஃபோக்ஸ்வாகன் போலோ காருக்கு ஏர்பேக் இல்லாதபோது பூஜ்யம், இரண்டு ஏர்பேக் வைத்தபோது நான்கு.

பழைய கார் வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம்: வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் யாராவது விளக்கைக் கழற்றியிருக்கலாம். பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, நாடாவில் வெட்டு, நைந்த இடம், உருகிய பளபளப்பு உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு தடவை பலமாக இழுபட்ட பெல்ட் அடுத்த விபத்துக்கு உதவாது.