ஸ்லோ ப்ளூஸ் மெலடி வாசிக்கணுமா, ஒரே ஸ்ட்ரிங்ல ஆரம்பிங்க

ப்ளூஸ் பேலட், அதாவது மெதுவான ப்ளூஸ் பாட்டு, கத்துக்கணும்னு நெனக்கிறவங்க மொதல்ல பண்றது டேப் தேடுறதுதான், அதாவது எந்த ஸ்ட்ரிங்ல எந்த எடத்த அமுக்கணும்னு நம்பரா எழுதி வச்ச தாள். நானும் அதத்தான் பண்ணேன், நம்பர் பாத்துப் பாத்து வாசிச்சு மூணு மாசத்துல நோட் எல்லாம் வரிசையா வந்துருச்சு, பாட்டு மட்டும் வரல. கேரி மூர்ங்குற கிட்டாரிஸ்ட் 1990ல போட்ட ஸ்டில் காட் த ப்ளூஸ்தான் அந்தப் பாட்டு. அதையே உதாரணமா வச்சு சொல்றேன், ஆனா இங்க டேப் கிடையாது, மெலடிக்கு அடியில இருக்குற எலும்ப எப்படிப் புடிக்கிறதுன்னு மட்டும்தான்.

கார்டு (சேந்து ஒலிக்கிற சில நோட்டுங்க) வரிசை இதான்: டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன், எஃப் மேஜர் செவன், பி மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ், ஈ செவன், கடைசியா ஏ மைனர். பேர் பாத்து பயப்பட வேணாம், பழைய ஜாஸ்ல ஆயிரம் பாட்டுல வர்ற வரிசைதான். இந்த வரிசையில கை தானா ஒரே மாதிரி நோட்டுக்குத்தான் போகும். இந்தப் பாட்டோட சோலோ 1974ல ஒரு ஜெர்மன் பேண்ட் வாசிச்சதோட காப்பிரைட்ட மீறுதுன்னு 2008ல ம்யூனிக் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிருக்கு, அது தனிக் கதை.

இப்ப கார்ட விட்டுட்டு 3வது ஸ்ட்ரிங், அதாவது ஜி ஸ்ட்ரிங், அதுல மட்டும் வாங்க. ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல குறுக்க இருக்குற கட்டம்) 10, 10, 9, 9, 7, 7, 5. ஒரு கார்டுக்கு ஒரு நோட்டு, அவ்ளோதான். நோட்டா சொன்னா எஃப் எஃப் ஈ ஈ டி டி சி. கர்னாடக சங்கீதம் தெரிஞ்சவங்க ஏ-வ ஸட்ஜமா வச்சா த த ப ப ம ம க. என்ன நடக்குதுன்னா, டி மைனர்ல எஃப் மூணாவது நோட்டு, அதே எஃப் ஜி செவனுக்கு வந்ததும் ஏழாவது நோட்டா மாறிடுது, நீங்க விரலையே அசைக்கல ஆனா கீழ கார்டு மாறுனதால நோட்டோட முகமே மாறிடுது, அப்புறம் அரை படி இறங்குனா சி மேஜரோட மூணாவது. அந்த ஏக்கம் வர்றது இங்கருந்துதான். ஃபோன்ல கார்ட ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டுட்டு இந்த ஏழு நோட்ட வாயால பாடுங்க, கிட்டார் அப்புறம். பாட வராத நோட்டு விரல்லயும் வராது, இதுல மட்டும் நான் கறாரு.

தாளம் திஸ்ர நடை, அதாவது மூணு மூணா எண்றது, ஒரு கார்டுக்கு ரெண்டு தகிட, அது ஒரு பார், கடைசி ஏ மைனர மட்டும் டபுளா இழுத்தா எட்டு பார் முடிஞ்சிடும். கால் தட்டுங்க. ஸ்லோ பாட்டுல வேகமா வாசிக்கிறது கஷ்டமில்ல, சும்மா இருக்குறதுதான் கஷ்டம், நோட்டு முடிஞ்ச கையோட அடுத்ததுக்கு ஓடத் தோணும், ஓடாதீங்க.

அடுத்தது பெண்டு, அதாவது ஸ்ட்ரிங்க பக்கவாட்டுல இழுத்து சுதிய ஏத்துறது. என் மூணு மாசமும் வீணாப் போன எடம் இதான். 7வது ஃப்ரெட்ல டி-ய புடிச்சு ஈ வரைக்கும் இழுக்கணும், நான் இழுத்துட்டுதான் இருக்கேன்னு நெனச்சேன், ஒரு நாள் ட்யூனர ஆன் பண்ணி பாத்தா ஈ ஃப்ளாட்ல போய் நிக்குது. அதாவது பாதி வழியில! அதுக்கப்புறம் ஒரே பயிற்சி: 9வது ஃப்ரெட்ட அடிச்சு ஈ எப்படிக் கேக்குதுன்னு காதுல வாங்கிக்கறது, ஒடனே 7ல இருந்து இழுத்து அதே சத்தத்துக்குக் கொண்டு வர்றது, பத்து தடவ, தெனமும். மோதிர விரல் ஃப்ரெட்ல, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அதே ஸ்ட்ரிங்ல பின்னாடி முட்டுக் குடுக்கணும், கட்டவிரல் நெக்குக்கு மேல வந்து புடிச்சுக்கணும், விரல மடக்கி இழுக்காம மணிக்கட்ட திருப்பணும், சாவி திருப்புற மாதிரி. வீணையில கம்பிய இழுத்து கமகம் வாசிக்கிறவங்கள கவனிச்சீங்கன்னா, அவங்களும் இழுக்குறதுக்கு முன்னாடியே எங்க போய் நிக்கணும்னு மனசுல கேட்டுட்டுதான் இழுப்பாங்க. மேல போனதும் ஒரு நொடி ஆடாம நிறுத்திட்டு அப்புறமா வைப்ரேட்டோ போடுங்க (நோட்ட லேசா ஆட்டுறது), போன ஒடனே ஆட்டுனா சுதி சேராதத மறைக்கிற மாதிரிதான் கேக்கும்.

எலும்பு நின்னதும் சதை. எஃப்-க்கு முன்னாடி 5, 7, 9ன்னு ஏறி 10ல உக்காருங்க. சி மேஜர்ல வர்ற ஈ-ய 9ல நேரா அடிக்காம 7ல இருந்து பெண்டா எடுங்க. ஈ-ல இருந்து டி-க்கு இறங்கும்போது நடுவுல 8வது ஃப்ரெட்ட ஒரு தொடு தொட்டுட்டுப் போங்க, ப்ளூ நோட்டு அது, ப்ளூஸோட சாயல் குடுக்குற சுரம், ஆனா அங்க தங்கக் கூடாது. ஈ செவன் வரும்போது மட்டும் உஷாரு, அதுவரைக்கும் நடபைரவி மாதிரி போன ஸ்கேல் அங்க கீரவாணி ஆகுது, ஜி-க்கு பதில் ஜி ஷார்ப். 2வது ஸ்ட்ரிங்ல 9வது ஃப்ரெட்ட அடிச்சு நிறுத்தி, கார்டு ஏ மைனருக்கு மாறுற அதே நேரத்துல 10க்குப் போங்க. வீட்டுக்கு வந்து சேந்த மாதிரி இருக்கும். பழக்க தோஷத்துல 8வத அடிச்சு அங்கயே நின்னுட்டீங்கன்னா ஈ செவனோட முட்டும்.

இதெல்லாம் கையில வந்தப்புறம் ஒரிஜினல யூட்யூப்ல 0.5 ஸ்பீடுல போட்டு கேளுங்க, சுதி மாறாது. எந்த நோட்டுல அவர் ரொம்ப நேரம் நிக்கிறாரு, அது உங்க எலும்புல இருக்கா இல்ல அதுக்குப் பக்கத்துலயான்னு மட்டும் பேப்பர்ல குறிங்க. ஒரு நேரத்துக்கு ரெண்டு பார் மட்டும் எடுங்க, மொத்தமா எடுத்தா ஒண்ணும் நிக்காது.

எலக்ட்ரிக்னா நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் இருக்குற மைக்), டிரைவ் (சத்தத்த கரகரப்பாக்குறது) கொஞ்சமா, வாசிக்காத ஸ்ட்ரிங்க வலது உள்ளங்கையால அமுக்கி வைங்க, இல்லன்னா பெண்ட இறக்கும்போது பக்கத்து ஸ்ட்ரிங் கூடவே கத்தும். ஸ்ட்ரிங் செட்டோட கனம் 9 இல்லன்னா 10 போதும். அக்கூஸ்டிக் மட்டும் இருக்குறவங்க 3வது ஸ்ட்ரிங்க முழுசா இழுக்க முயற்சியே பண்ண வேணாம், அதுல பெரும்பாலும் சுத்துன கம்பிதான் இருக்கும், விரல்தான் கிழியும். 7ல அடிச்சு 9க்கு ஸ்லைடு பண்ணுங்க, மெதுவா, ஈ-க்குள்ள வழுக்கிட்டுப் போற மாதிரி.