கம்ப்யூட்டர் அப்கிரேடு: நான் சூடுபட்ட இடங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சோமனூர் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக உட்கார்ந்திருந்தோம். யார் வீட்டில் என்ன கிராபிக்ஸ் கார்டு ஓடுகிறது, தீபாவளிக்கு யார் எதை மாற்றப் போகிறார்கள் என்று வழக்கமான பேச்சு. சித்தப்பா பையன் போனை நீட்டினான். புது பிராசஸர், செகண்ட்ஹேண்டில் பேசி வைத்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, கண்ணாடி கேபினெட், ஆறு கலர் ஃபேன்.

"எஸ்எம்பிஎஸ் எங்கடா?" என்றேன். வீட்டுக் கரண்டை மாற்றிக் கம்ப்யூட்டர் பாகங்களுக்குக் கொடுக்கும் பவர் சப்ளை டப்பாதான் அது.

"அது கேபினெட்டோடயே வருதுங்ணா. 450 வாட்டு."

2019இல் நானும் இதையேதான் சொன்னேன். அதற்கப்புறம் பன் இறங்கவில்லை. தெர்மல் பேஸ்ட் மறந்தது, கார்டு இருக்க மதர்போர்டில் மானிட்டர் கேபிளைக் குத்தியது எல்லாம் ஆளுக்கொரு தடவை செய்து தானாகத் திருந்துவது. அதை விடுங்கள்.

ஓசி எஸ்எம்பிஎஸ்

அந்த வருடக் கடைசியில் சீட்டு எடுத்த காசில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வாங்கினேன். ரைசன் 5 3600 ஏற்கெனவே இருந்தது. எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோடு ஓசியாக வந்தது. "450 வாட்டுங்க, தாராளமாத் தாங்கும்" என்றார் கடைக்காரர். கார்டுக்கு வேண்டிய 8 பின் வயர் அதில் இல்லை. அதற்கும் ஒரு கன்வெர்ட்டரைக் கையில் கொடுத்தார்.

எஸ்எம்பிஎஸ் டப்பாவின் பக்கவாட்டு ஸ்டிக்கரை அன்று நான் படிக்கவில்லை. 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 192 வாட். கார்டும் பிராசஸரும் தின்பது பெரும்பாலும் இந்த லைனைத்தான். கார்டுக்கு 125 வாட். பிராசஸர் பெட்டியில் 65 என்று இருக்கும், ஆனால் முழு வேகத்தில் 88 வரை இழுக்கும். சேர்த்தால் 213. ஹார்ட் டிஸ்க்கும் ஃபேனும் இன்னும் கணக்கில் வரவில்லை.

படம் பார்க்க, பில் போட ஒரு குறையும் தெரியாது. கேம் போட்டு இருபது நிமிஷத்தில் பட்டென்று அணையும். விண்டோஸை இரண்டு தடவை அழித்துப் போட்டேன், நண்பனுடைய ராமைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன், கார்டு விற்றவரோடு சண்டைக்கே போனேன். மூன்று மாதம் இப்படி. ஒரு சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. எங்கள் வீதித் தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. லைட் மங்கிப் பளிச்சென்று ஏறியது. டப். பட்டாசு வாசம்.

எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் இத்தனை வருடம் கழித்துப் புலம்ப மாட்டேன். மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. நல்ல டப்பா என்றால் வோல்ட் தாறுமாறாக ஏறினால் தன்னை அணைத்துக்கொள்ளும். கன்வெர்ட்டரின் பிளாஸ்டிக் பழுப்பாக உருகி கார்டோடு ஒட்டியிருந்தது, கட்டிங் பிளேயரால்தான் பிடுங்கினேன். தெரிந்த மெக்கானிக் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வரும் கரண்டை வடிகட்டும் காயில் (கம்பிச் சுருள்) இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுக் கம்பி. (நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் அடிக்கும்.)

இப்போது கடையில் நான் முதலில் பார்ப்பது பின்பக்கம். 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் கீழே வைத்துவிடுவேன். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) உள்ள டப்பாவில் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கும். தறி வீதியில் வோல்டேஜ் இறங்கினாலும் சமாளிக்கும். அப்புறம் 12 வோல்ட் ஆம்பியர். 80 ப்ளஸ் முத்திரை கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்புக்கு அது சாட்சி இல்லை. பையன் பேசி வைத்திருக்கும் 3060க்கு 170 வாட் வேண்டும். கார்டு கம்பெனியே 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்கிறது.

வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (சீரான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகக் கரண்ட் தரும் வகை) என்றால், சில ஆக்டிவ் பிஎஃப்சி டப்பாக்கள் கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும். வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எர்த்

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லை, அல்லது எர்த் குழி காய்ந்து கிடக்கிறது. தொடும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்த ஆளையும் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒற்றை ராம்

16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்க வேண்டாம், எட்டும் எட்டுமாக இரண்டு வாங்குங்கள்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர்

நொடிக்கு 144 தடவை படத்தை மாற்றும் மானிட்டர் இது. வாங்கினால் போதாது, செட்டிங்ஸில் போய் 144ஐத் தேர்வு செய்ய வேண்டும். பல்லடத்துப் பங்காளி ஒருவர் எட்டு மாதம் 60இலேயே ஓட்டிவிட்டு, "ஒண்ணும் வித்தியாசமே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்டோடு மாற்றுவது

ஏஎம்4 சாக்கெட் (ஏஎம்டியின் ரைசன் பிராசஸரை மாட்டும் இடம்) உள்ள போர்டு வைத்திருப்பவர்கள், பிராசஸரோடு போர்டையும் மாற்ற அவசரப்படாதீர்கள். 2017இல் முதல் ரைசன் வந்த அதே சாக்கெட்டில்தான் 2022இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரும் வந்தது. பல போர்டுகளுக்கு பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் போட்டால் போதும். கம்பெனி பக்கத்தில் உங்கள் போர்டு மாடலின் பிராசஸர் பட்டியலைப் பாருங்கள்.

பஞ்சு

மற்ற ஊரில் தூசி, இங்கே பஞ்சு. பிராசஸர் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் இடுக்கில் ஃபெல்ட் துணி மாதிரி படிந்துவிடும், ஊதினால் போகாது. ஃபேனைக் கழற்றிப் பெயின்ட் பிரஷ்ஷால் உரித்து எடுக்க வேண்டும். தறிக்குடோன் பக்கத்து வீடு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

கலர் ஃபேன்

ராத்திரி பையன் திருத்திய பட்டியலை அனுப்பினான். 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஏறியிருந்தது. ஃபேன் ஆறும் அப்படியே இருந்தது.