பட்டறையிலிருந்து மேடைக்கு: இளையர் நாடகம் வழுக்கும் இடங்கள்

பிளாஸ்டிக் பைகளை முக்கோணமாக மடித்து வைக்கும் பழக்கம் சிங்கப்பூரில் பல வீடுகளில் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் உதவிக்குப் போயிருந்த ஒரு நாடகப் பட்டறையில், 17 வயதுப் பெண் ஒருத்தி அம்மாவாக நடித்தாள். 'அம்மாவுக்குக் கோபம், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்' என்பது மட்டும்தான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட சூழல். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் இல்லாத பைகளை மடிக்க ஆரம்பித்தாள். நீளவாக்கில் இரண்டு மடிப்பு, உள்ளங்கையால் தடவிக் காற்றை எடுப்பது, மூலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே போய் நுனியை உள்ளே செருகுவது. மகனாக நடித்தவன் தாமதமாக வந்ததற்குச் சாக்குச் சொல்லச் சொல்ல, மடிப்பு வேகமானது. கடைசியாக ஒரு பையைப் பிரித்து, முதலிலிருந்து திரும்ப மடித்தாள்.

நாங்கள் என்ன செய்தோம்? கைதட்டினோம். "சூப்பர், இதுக்கு வசனம் போட்டுடலாம்" என்றோம். அடுத்த வாரம் வசனம் வந்தது. அம்மா தன் கோபத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு விளக்கினார். பையைக் காணோம்.

கையில் பிரதி இல்லாமல், இளையர்களே கூடிப் பட்டறையில் உருவாக்கும் சோதனை நாடகங்களில் நான் பார்த்த தவறுகளில் பாதி இந்த ரகம். தேட வேண்டிய நேரத்தில் முடிவெடுத்துவிடுவது. மீதிப் பாதி, முடிவெடுக்க வேண்டிய நேரத்திலும் தேடிக்கொண்டே இருப்பது.

முதல் நாளே வெள்ளைப் பலகையில் கருப்பொருளை எழுதுவதில் தொடங்குகிறது வினை. 'மனநலம்', 'தேர்வு நெருக்கடி', 'தமிழ் அழிகிறதா?' என்று எழுதிவிட்டால், அதன்பின் வரும் காட்சி எல்லாம் அந்தத் தலைப்புக்குச் சாட்சி சொல்ல வந்ததுபோல் இருக்கும். அதற்குப் பதில் ஒரு பொருளில், ஓர் ஓசையில், ஓர் இடத்தில் தொடங்கிப் பாருங்கள். வீட்டில் இரவு கடைசியாகக் கேட்கும் சத்தம் எது? அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே யார் எப்போதும் உட்கார்ந்திருப்பார்? மின்தூக்கியில் யாரோடு பேசுவதைத் தவிர்ப்பீர்கள்? கருப்பொருள் தானாக வந்து சேரும். பெரும்பாலும் நீங்கள் எழுத நினைத்ததாக அது இருக்காது.

சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988இல் நடிகர்களோடு சேர்ந்து பட்டறை முறையில் உருவாக்கிய, பூனையைத் தேடும் அம்மாவின் கதையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. சிங்கப்பூரின் பன்மொழி நாடகங்களுக்கு முன்னோடி அது. ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி பேசும் அந்த மூதாட்டி, தமிழ் பேசும் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறார். அவரும் பூனையைத் தேடுகிறார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் சைகையால் பேசிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளோடு முடியாத பேச்சு அவரோடு முடிகிறது. மொழியை இழப்பது பற்றி மேடையில் யாரும் உரையாற்றத் தேவையில்லாமல் போனது அந்த ஒரு சந்திப்பால்தான்.

மொழி என்றதும் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. நடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தித் தமிழைத் திருத்துவது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் ஏறக்குறைய 10இல் 6 பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். அந்த வீட்டுப் பிள்ளை அவசரத்தில் ஆங்கிலமும் மலாய்ச் சொல்லும் கலந்து பேசத்தான் செய்வான். அவனை நிறுத்தி ளகரம், ழகரம் சொல்லிக் கொடுத்தால், அடுத்த முறை பத்திரமான வசனத்தைத்தான் பேசுவான். அதுவும் பள்ளி மேடைப் போட்டிகளில் பழகிய தமிழில். "தாயே, என்னை மன்னித்துவிடுங்கள்" என்று 16 வயதுப் பையன் சொல்லக் கேட்டிருக்கிறேன், கால்பந்து ஜெர்சி போட்டுக்கொண்டு.

அதற்காகக் கலப்பை அப்படியே மேடையேற்றுவதும் சரியில்லை. பட்டறையில் எதையும் தடுக்காதீர்கள். காட்சி உறுதியான பிறகு உட்கார்ந்து, இந்தப் பாட்டி எந்த ஊர்த் தமிழ் பேசுவார், இவன் எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுவான் என்று ஒவ்வொரு வரியாகத் தேர்ந்தெடுங்கள். கோபத்தில் ஆங்கிலம், கெஞ்சும்போது தமிழ் என்றால் அதுவே ஒரு கதாபாத்திரம்.

நாங்கள் பையைத் தொலைத்ததற்கு இன்னொரு காரணம், யாரும் குறித்து வைக்கவில்லை. கைப்பேசியில் காணொளி இருந்தது, ஆனால் 30 மணி நேரக் காணொளியை யார் திரும்பப் பார்ப்பது? நடிக்காத ஒருவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். என்ன நடந்தது என்று மட்டும் அவர் எழுதட்டும். நன்றாக இருந்ததா என்று எழுத வேண்டாம். ஒவ்வொரு காட்சிக்கும் 'பை', 'மின்தூக்கி' என்று ஒரு பெயர் வைத்துச் சுவரில் ஒட்டினால், எட்டாவது வாரத்தில் அந்தச் சுவர்தான் சோறு போடும்.

அடுத்தது கொஞ்சம் நின்று பேச வேண்டியது. விளக்கை அணைத்து, வட்டமாக உட்கார வைத்து, "உன் வாழ்க்கையில் ரொம்ப வலித்த நாளைச் சொல்" என்று கேட்கும் பட்டறைகள் இருக்கின்றன. பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அழுவார்கள். அறையில் நெருக்கம் வரும், நடத்துபவருக்கு ஏதோ சாதித்ததுபோல் இருக்கும். இரண்டு மாதம் கழித்து அது மேடைக்கு வருகிறது. மூன்றாவது வரிசையில் அப்பா, அவருக்குப் பக்கத்தில் பெரியம்மா, பின்னால் தமிழாசிரியர். நம் வட்டாரம் சிறியது. பெயரை மாற்றினாலும் யார் வீட்டுக் கதை என்று இடைவேளைக்குள் தெரிந்துவிடும்.

பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் இதற்குப் போதாது. சொன்ன அன்று ஒரு முறை, ஒரு வாரம் கழித்துத் தனியாக இன்னொரு முறை கேளுங்கள்: "இதைப் பயன்படுத்தலாமா?" இரண்டாவது முறை தயங்கினால் 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தன் கதையைத் தானே நடிக்க விடாதீர்கள், வேறொருவர் நடிக்கட்டும். ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் மாற்றுங்கள். அரங்கேற்றத்துக்கு முதல் நாள் வந்து, "அக்கா, அந்தக் காட்சி வேண்டாம்" என்று ஒரு பிள்ளை சொன்னாலும் எடுத்துவிடும் அளவுக்கு நாடகத்தின் தையல் தளர்வாக இருக்கட்டும். யாராவது உண்மையிலேயே உடைந்துபோனால் அதை ஆற்றும் பயிற்சி நாடகக்காரர்களுக்குக் கிடையாது; ஆலோசகர் ஒருவரின் தொடர்பை முதல் வாரமே வாங்கி வைத்திருங்கள்.

இனி மறுபாதி. கூட்டுப் படைப்பு என்றால் எல்லாவற்றுக்கும் கைதூக்கி வாக்கெடுப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் யாருடைய காட்சியையும் வெட்ட மனம் வராது. 50 நிமிட நாடகம் 90 நிமிடத்தில் போய் நிற்கும். 1987இல் தொடங்கிய 'தி நெசசரி ஸ்டேஜ்' என்ற சிங்கப்பூர் நாடகக் குழு, நடிகர்களின் தேடலில் இருந்து நாடகம் வளர்ப்பதற்குப் பேர்போனது. அங்கேயும் ஆல்வின் டான் இயக்குகிறார், ஹரேஷ் சர்மா எழுதுகிறார். கிடைத்ததையெல்லாம் கோக்க ஒரு கை வேண்டும். அது யாருடைய கை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இருக்காது. பத்து வாரம் என்றால் ஆறாவது வாரத்தோடு புதுக் காட்சிகளை நிறுத்திவிடுங்கள். இது என் கணக்கு, உங்களுடையது மாறலாம். ஆனால் ஒரு தேதி இருந்தாக வேண்டும்.

அந்தத் தேதிக்கு வேறு அவசியமும் உண்டு. பொதுமக்கள் பார்க்கும் நாடகத்துக்குப் பொதுவாகக் கலை நிகழ்ச்சி உரிமம் வேண்டும்; தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தோடு பிரதியும் போகும். "நாங்கள் இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்" என்பது அங்கே பதிலாகாது. பார்வையாளர்கள் உள்ளே நுழைந்து கதையை மாற்றும் மன்ற அரங்குக்கு அரசு நிதி கிடையாது என்று 1994இல் அறிவிக்கப்பட்டு, 2003இல்தான் அந்த நிலை மாறியது. பிரதி இல்லாத நாடகத்துக்கு இந்த ஊரில் அப்படியொரு வரலாறு இருப்பதைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அப்புறம், பிரதியில் வசனத்தை மட்டும் எழுதினால் பை மடிக்கும் காட்சி வெற்றுப் பக்கமாகத்தான் இருக்கும். செயலையும் எழுதுங்கள்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. கறுப்புச் சட்டை, வெள்ளை பூசிய முகம், மெதுவாக நடப்பது, ஒரு குடை. இவை இருந்தால் சோதனை நாடகம் ஆகிவிடாது. குடை பாவம், எத்தனை நாடகத்தில்தான் நிற்கும்? சமூக மன்ற அறையில் ஒத்திகை பார்த்துவிட்டு அரங்குக்குப் போனதும் திணறுவது இன்னொன்று. அரங்கின் அளவை வாங்கி, ஒத்திகை அறைத் தரையில் டேப் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ராணுவ முகாமில் தேசிய சேவையில் இருக்கும் பையன் வெள்ளிக்கிழமை மாலை வெளியே வந்துவிடுவான் என்று நம்பி முக்கியக் காட்சியை அவனிடம் கொடுப்பதும் ஆபத்துதான்.

கடைசியாக, திரையில் ஓடும் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள். நடிகர்கள் ஒவ்வொரு இரவும் வசனத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள், அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். வரிகளை இயக்குபவரை அரங்கேற்ற வாரத்தில் முதல்முறையாக அழைத்து வந்தால், மேடையில் பாட்டி சிரித்துக்கொண்டிருக்கும்போது திரையில் தாத்தா செத்துப்போவார். அவரையும் ஆறாவது வாரத்திலிருந்தே ஒத்திகையில் உட்கார வையுங்கள். நோட்டுப் புத்தகக்காரரே அந்த வேலையைச் செய்தால் இன்னும் நல்லது. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.